துடைப்பத்தில் சிக்காத தூள்

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்கிறோம். தரையெல்லாம் இழைப்புச் சீவல், ரம்பத்தூள், ஓரத்தில் துண்டுக் கட்டைகள். கூட்டி அள்ளிக் கோணியில் கட்டியதும் பட்டறை பளிச்சென்று ஆகிவிடுகிறது. தூசுத் தொல்லை தீர்ந்தது என்று கை கழுவப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கோணியில் இருப்பது பெரும்பாலும் அப்பாவித் தூள். சுருள் சுருளாக விழும் சீவல் யாருடைய நுரையீரலுக்குள்ளும் போனதில்லை. ஆளைக் கெடுக்கும் தூள் துடைப்பத்தில் சிக்குவதே இல்லை. நாம் குனிந்து கூட்டிக்கொண்டிருக்கும்போது அது தலைக்கு மேலே மிதக்கிறது. கூட்டிய வேகத்தில் தரையில் படிந்திருந்ததும் கொஞ்சம் எழும்பி அதோடு சேர்ந்துகொண்டிருக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். பொழுது சாய்ந்தபின், உப்புத்தாள் போட்டு முடித்துக் கால்மணி நேரம் கழித்து, விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை மட்டும் பக்கவாட்டில் அடியுங்கள். விளக்கின் கண் கூசும் பகுதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒளி வரும் திசையை நோக்கிப் பாருங்கள். கூரை இடுக்கு வழியாக விழும் வெயில் கீற்றில் தூசு துள்ளுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்போமே, அதே காட்சிதான். தொழிற்சாலைகளில் தூசு எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்கும் ஆய்வாளர்களும் இதே உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். கீற்றில் தெரிவதைத்தான் அத்தனை நேரமும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கட்டுரை மரவேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதியது. மரத்தூள் உடம்புக்குள் என்ன செய்கிறது, எந்த மரம் எப்படி, தப்பிப்பது எப்படி என்பதைப் பார்க்கலாம். ரம்பத்தில் விரல் போவது, காது மந்தமாவது போன்றவையும் ஆபத்துதான். அவற்றை இங்கே தொடவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆபத்துக்கு யாரும் கட்டுரை படிக்க வேண்டியதில்லை.

மூக்கு பிடிப்பதும் விடுவதும்

தூளின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ரம்பத்தூளில் கண்ணுக்குத் தெரியும் துகள்கள் இதைவிடப் பெரியவை. அவை நேராகத் தரைக்குப் போய்விடும். 10 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பங்கை மூக்கே தடுத்துவிடுகிறது. மூக்கின் உட்சுவரில் ஈரப்படலமும், அதை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிரிழைகளும் இருக்கின்றன. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் மரத்தின் நிறத்தில் சளி வருகிறதல்லவா, அது மூக்கு தன் வேலையைச் செய்ததற்கு அடையாளம். நாள் முழுக்க, வருஷக்கணக்கில் தூளை வாங்கினால் இந்தத் தள்ளும் வேகம் மட்டுப்படுகிறது. தூள் மூக்கிலேயே தங்கும் நேரம் கூடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

10 மைக்ரானுக்குக் கீழே வந்தால் துகள் மூச்சுக்குழாய் வரை இறங்கும். 4, 5 மைக்ரானுக்குக் கீழே என்றால் நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றறைகள் வரை போகும். அங்கே மயிரிழைகள் கிடையாது. ஒரு மைக்ரான் அளவுத் துகள், காற்று அசையாமல் இருந்தால்கூட, ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆள் நடமாடும் பட்டறையில் காற்று அசையாமல் எங்கே இருக்கிறது?

இதிலிருந்து ஒன்று புரியும். மலைபோலக் குப்பை போடும் கருவி மோசமானது என்று அர்த்தமில்லை. கூர்மையான இழைப்புளி தரையை நிறைத்துவிடும், காற்றை அவ்வளவாகக் கெடுக்காது. உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மிஷினான சாண்டர் தரையில் ஒன்றுமே போடாதது போல இருக்கும். அது போட்டதெல்லாம் காற்றில். உப்புத்தாளின் நம்பர் ஏற ஏற, வழவழப்புக் கூடக் கூட, தூளும் நுணுகிக்கொண்டே போகிறது. மழுங்கிய ரம்பமும் மழுங்கிய ரவுட்டர் பிட்டும் மரத்தை வெட்டாமல் தேய்ப்பதால் அவையும் நுண்தூளைக் கூட்டும். சாணை பிடிப்பது மூச்சுக்கும் நல்லது என்று நான் சொல்வது வேடிக்கையாகப் படலாம், ஆனால் காரணம் இதுதான்.

வைரத்தில் இருக்கும் நஞ்சு

"இயற்கையான பொருள்தானே, ரசாயனமா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தைப் போல ரசாயனம் தயாரிக்கும் ஆலை வேறு இல்லை என்பதுதான் பதில்.

மரத்தின் நடுப்பாகத்தை வைரம் என்கிறோம். வைரம் பாய்ந்த கட்டையைச் செல் அரிக்காது, எளிதில் உளுக்காது. ஏன்? மரம் வளரும்போது நடுவில் உள்ள பகுதியை மெல்ல மெல்லச் சாகவிடுகிறது. சாகவிடும்போது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருள்களை அதில் நிரப்பி வைக்கிறது. வெளிப்பட்டைக்கு அடுத்துள்ள வெளிறிய பகுதியில் இவை குறைவு. அதனால்தான் வெளிறு சீக்கிரம் உளுத்துப்போகிறது. தேக்கில் லபாக்கால் முதலான குயினோன் வகைப் பொருள்கள் இருக்கின்றன. ஈட்டி வகை மரங்களில் டால்பெர்ஜியோன்கள். செல்லரிக்காத மரம் என்று நாம் காசு கூடக் கொடுத்து வாங்குவது இந்த நஞ்சைத்தான். கரையானுக்கு ஆகாதது நம் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் மட்டும் இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டையாக இருக்கும்வரை இவை உள்ளே அடைபட்டுக் கிடக்கின்றன. தேக்கு நாற்காலியில் உட்காருவதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. தூளாக்கும்போது ஒரு துண்டு மரம் கோடிக்கணக்கான துகள்களாகி, ஒவ்வொன்றின் மேற்பரப்பும் திறந்துகொள்கிறது. வியர்வையும் சளியும் பட்டதும் உள்ளே இருப்பது கரைந்து இறங்குகிறது. விதிவிலக்கு உண்டு: கொக்கோபோலோ என்ற ஈட்டி இன மரத்தில் செய்த குழலை ஊதியவர்களுக்கு உதட்டில் தடிப்பு வந்திருக்கிறது. செய்து முடித்த பொருளே தொந்தரவு தந்த அரிய வகை அது.

மூன்று விதமான கேடு

மரத்தூளால் வருவதையெல்லாம் "அலர்ஜி" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் இருக்கிறது. மூன்று வேறு சங்கதிகள் அதில் கலந்துவிடுகின்றன. மூன்றும் வேறு வேறு வேகத்தில் வருபவை, வேறு வேறு விதமாகக் கையாள வேண்டியவை.

முதலாவது வெறும் எரிச்சல். தூள் பட்டால் கண் கரிக்கும், தும்மல் வரும், தொண்டை வறளும். யாருக்கும் வரும், தூள் நின்றால் நிற்கும். சில மரங்கள் இதில் கெட்டிக்காரர்கள். மான்சோனியா என்ற ஆப்பிரிக்க மரத்தை அறுத்தவர்களுக்குத் தும்மலும் மூக்கில் ரத்தமும் வந்ததாக நெடுநாளாகப் பதிவுகள் இருக்கின்றன. முதிரை மரத்தூள் தோலில் பட்டுத் தடிப்பதும் பழைய சங்கதி. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே கண்ணைக் குருடாக்கும் மரம் என்பதுதான். அரளிக் கட்டையைப் பொறுத்தவரை தொடாமல் இருப்பது உத்தமம். இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள் அதன் உடம்பெங்கும் இருக்கிறது. எரித்தால் வரும் புகையும் ஆகாது.

இரண்டாவதுதான் உண்மையான ஒவ்வாமை. மூன்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பேன். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"இருபது வருஷமா இதே மரத்தைத்தான் அறுக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லையே" என்று ஒரு மூத்த ஆசாரி சொன்னால் அதில் பொய்யில்லை. ஆனால் அது அடுத்த வருஷத்துக்கு உத்தரவாதமும் இல்லை. ஒவ்வாமை பழகப் பழகப் போவதில்லை. பழகப் பழகத்தான் வருகிறது. உடம்பின் காவல் படை ஒரு பொருளைப் பலமுறை பார்த்து, ஏதோ ஒரு நாள் அதை எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறது. அது சில வாரத்திலும் நடக்கலாம், பல வருஷம் கழித்தும் நடக்கலாம். சிலருக்கு ஆயுள் முழுக்க நடப்பதே இல்லை. முடிவு கட்டிய பிறகு மிகச் சிறிய அளவு தூளே போதும். முன்பு ஒரு லாரி மரம் அறுத்து ஒன்றும் ஆகாதவருக்கு, இப்போது பக்கத்து மேசையில் யாரோ ஒரு பலகையைத் தேய்த்தால் இழுப்பு வரும்.

இதில் நன்றாக ஆராயப்பட்ட மரம் வட அமெரிக்காவின் மேற்குச் செஞ்சிடார். அதில் உள்ள பிளிகாட்டிக் அமிலம்தான் காரணம் என்றும், அந்த மரத்தோடு வேலை செய்பவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு ஆஸ்துமா வருகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். இந்த ஆஸ்துமா ஆளை ஏமாற்றும். வேலை நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்; வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு நடுராத்திரியில் இருமல் வரும். பட்டறையில் நன்றாக இருந்தவர் வீட்டில் இருமினால் யார் பட்டறையைச் சந்தேகிப்பார்கள்? பனி, தலையணை, பழைய சளி என்று பழி எங்கெங்கோ போகும். துப்பு கொடுப்பது லீவு நாள்கள்தான். நாலைந்து நாள் தொடர்ந்து வேலைக்குப் போகாதபோது இருமல் குறைந்து, திரும்பிப் போன ஓரிரு நாளில் மறுபடியும் தலைகாட்டினால் மரத்தைச் சந்தேகியுங்கள். தள்ளிப்போடுவதில் நஷ்டம் பெரிது: நோய் வந்தபின்னும் அதே மரத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டியவர்களில் பலருக்கு, வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா முழுதாக விடவில்லை.

தோலிலும் இதே கதை நடக்கும். தூள் படியும் இடத்தையும் வியர்வை தேங்கும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்: கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பில் பெல்ட் அழுத்தும் கோடு. அங்கெல்லாம் சிவந்து, அரித்து, நீர் கோத்தால் மரத்தூள் ஒவ்வாமை என்று ஐயப்பட நியாயம் உண்டு. ஈட்டியும் தேக்கும் இதில் பேர் போனவை.

இன்னொரு வகையும் இருக்கிறது, அதற்கு மரத்தைவிட மரத்தில் பூத்த பூஞ்சைதான் காரணம். ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த கட்டையையோ பட்டையையோ கையாண்ட நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்பு வலி, மூச்சுத் திணறல் வரும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவார்கள், மறுநாள் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப நடந்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து நிரந்தரமாகிவிடும். பூசணக் கட்டையை மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

நாற்காலி செய்த ஊர்

மூன்றாவது கேடு புற்றுநோய். இது வந்த கதையைச் சொல்லாமல் போனால் விஷயம் பிடிபடாது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர் பெற்றது. பீச், ஓக் மரங்களைத் தலைமுறை தலைமுறையாக அறுத்துக் கடைந்த ஊர். 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், ஒரு அபூர்வ நோயோடு தன்னிடம் வந்தவர்களிடம் ஒற்றுமை ஒன்றைக் கவனித்தார். மூக்கின் மேற்பகுதியில், கண்களுக்கு நடுவே உள்ள எலும்பறைகளில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்று அவர்களுக்கு. ஒரு மருத்துவர் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம் என்று சொல்லத்தக்க நோய். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மரச்சாமான் தொழிலாளிகள். ஆக்ஸ்ஃபோர்டின் மெக்பெத், ஏச்சிசன் முதலியோரும் சேர்ந்து தோண்டித் துருவி, 1968ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். மரத்தூளுக்கும் மூக்குப் புற்றுக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மூக்கு தடுத்துவைத்த தூள், தள்ளுவாரின்றி அங்கேயே தங்கிப்போனது என்று முன்னால் சொன்னேனே, அதன் கடைசி அத்தியாயம் இது. பிறகு பல நாடுகளிலும் இதே முடிவு கிடைத்தது. 1995ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளை முதல் வகையில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமில்லாமல் தெரிந்த பொருள்களின் வகை அது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் அதில்தான் இருக்கின்றன.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரே வகையில் இருப்பதால் மரத்தூளும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து என்று ஆகாது. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த வகை காட்டும், ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைக் காட்டாது. மூக்குப் புற்று மரத்தொழிலாளிகளிடையேகூட அரிது. வாரக் கடைசியில் ஒரு ஸ்டூல் செய்பவர் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். தினமும் எட்டு மணி நேரம் தூளில் நிற்பவர் நினைத்துத்தான் ஆக வேண்டும். தூள் உள்ளே போகத் தொடங்கியதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே சராசரியாக நாற்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. இருபது வயதில் வேலைக்கு வந்தவருக்கு அறுபதில் தெரியும். நடுவில் ஒரு வலியும் இருக்காது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் இங்கேயும் அதனால்தான் எடுபடாது.

வலுவான சான்று இருப்பது வன்மரங்களுக்கு. இது கட்டை கெட்டியா மெத்தென்று இருக்கிறதா என்பதைப் பொறுத்த பிரிவு இல்லை, தாவரவியல் பிரிவு. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களெல்லாம் வன்மரம். பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். நகத்தால் கீறினால் தடம் விழும் பால்சாகூட வன்மரக் கணக்கில்தான் வரும்.

பலகைக்குள் வேறு என்ன?

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். இவற்றில் மரத்தோடு பசையும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அறுக்கும்போது தூளோடு ஃபார்மால்டிஹைடு வாயுவும் கொஞ்சம் வெளிவரும், கண்ணைக் கரிக்க வைக்கும். இந்த வாயுவும் 2004 முதல் அதே முதல் வகைப் புற்றுக்காரணிதான். எம்.டி.எஃப். மாவு போல நொறுங்குவதால் அதன் தூள் மிகவும் நுணுக்கம். "அது செயற்கைப் பலகை, நான் அசல் மரத்தில்தான் வேலை செய்கிறேன்" என்று நிம்மதி அடைபவர்களுக்கும் மேலே சொன்ன நாற்காலி ஊர் நினைவிருக்கட்டும். இரண்டையும் ஒரே கண்டிப்போடு நடத்துவதுதான் சரி.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துபவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பச்சை நிறம் ஏறிய, வெளியில் நட்டு வைத்த பழைய கம்பங்களில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம். அதைத் தேய்க்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எரித்த சாம்பலில் ஆர்சனிக் மிஞ்சும். பழைய ரயில் கட்டைகளில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கும். சரக்குப் பெட்டி அடியில் வரும் பேலட் பலகைகளில் சூட்டுக்கோல் முத்திரை போல ஒரு குறி இருக்கும். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பூச்சி கொன்றது, வேலைக்கு எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

பாலிஷ் பக்கம் ஒரே ஒரு சொல். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவருவதில் மரத்தூளெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. தூசு மாஸ்க் அதைத் தடுக்காது.

சிராய் ஏறினால் அலட்சியம் செய்பவர்கள்தான் நம்மில் அதிகம். மரத்துண்டு சதைக்குள் தங்கினால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்லை" என்றாலும் வலி நிற்கவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்றும் பாருங்கள். 1940களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்த மரத்தில் வளர்ந்த ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை, கீறல்கள் வழியாக ஏறக்குறைய 3,000 தொழிலாளிகளைப் பிடித்தது. சிராய் குத்திய இடத்தில் ஆறாத கட்டி வந்து, அங்கிருந்து கையின் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் கிளம்பினால் இதுவாக இருக்கக்கூடும்.

தூளை எங்கே பிடிப்பது

எவ்வளவு தூள் வரை பொறுக்கலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு வரம்பு உண்டு. எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் வன்மரத்தூள் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டனில் 3. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் எல்லா மரத்தூளுக்கும் 1 மில்லிகிராம் என்று பரிந்துரைக்கிறது. இதைக் கண்ணுக்குக் கொண்டுவர ஒரு கணக்கு: மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். 1 மில்லிகிராம் வரம்பில் அந்த அறை முழுக்க மிதக்கலாம் என்பது 36 மில்லிகிராம். ஒரு குன்றிமணியின் எடை சுமார் 120 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஒரு பலகையைச் சாண்டர் போட்டால் எத்தனை குன்றிமணித் தூள் எழும்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் தூள் அறைக்குள் பரவிய பிறகு அதோடு போராடுவது தோற்கும் ஆட்டம். பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். தகட்டில் துளை உள்ள சாண்டரும், தாளின் துளை அதோடு பொருந்துவதும், அதிலிருந்து ஒரு குழாய் நேராக வாக்குவம் கிளீனருக்குப் போவதும் — கையில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பேன். பிளேனர், டேபிள் ரம்பம் போன்ற பெரிய மிஷின்களுக்கு அகன்ற குழாயும் அதிகக் காற்றை இழுக்கும் உறிஞ்சியும் வேண்டும். சின்ன வாக்குவம் அங்கே திணறும்.

உறிஞ்சி வாங்கும்போது அது எவ்வளவு இழுக்கிறது என்று மட்டும் கேட்கிறோம், எதை வெளியே விடுகிறது என்று கேட்பதில்லை. துணிப்பை கட்டிய மலிவு உறிஞ்சிகளில் சில 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும். சீவலைப் பையில் போட்டுக்கொண்டு, நுண்தூளைத் துணி வழியாக முகத்துக்கு நேரே பம்ப் அடித்து அனுப்பும். பட்டறை சுத்தமாகத் தெரியும், காற்று முன்னைவிட மோசமாக இருக்கும். முதலில் சொன்ன டார்ச் சோதனையைப் பையின் பக்கத்தில் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். 1 மைக்ரான் அளவுக்குப் பிடிக்கும் பையோ, ஹெப்பா வடிகட்டியோ போடலாம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதைத்தான் ஹெப்பா என்பார்கள். அது முடியாவிட்டால் உறிஞ்சியையே சுவருக்கு வெளியே, யார் மூக்கும் இல்லாத பக்கத்தில் வைத்துவிடலாம்.

காற்றடித்துச் சுத்தம் செய்வதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். கம்ப்ரசர் குழாயால் மேசையையும் சட்டையையும் ஊதிவிடுவது எல்லாப் பட்டறையிலும் இருக்கும் பழக்கம். படிந்து கிடந்த தூளை மறுபடி மூச்சு மட்டத்துக்கு எழுப்பும் வேலை அது. வாக்குவத்தால் இழுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடையுங்கள். கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், மாஸ்க்கைக் கழற்றும் முன்னால். சாண்டரை நிறுத்தியதும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அதன்பின் கூட்டுபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

உத்தரத்தின் மேலும் விளக்குகளின் மேலும் படியும் தூளுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. காற்றில் எழும்பிய உலர் மரத்தூள் ஒரு பொறியில் வெடிக்கும். 2012ல் கனடாவின் பர்ன்ஸ் லேக், பிரின்ஸ் ஜார்ஜ் ஊர்களில் இருந்த மர அறுவை ஆலைகள் மூன்று மாத இடைவெளியில் அப்படி வெடித்துச் சிதறி, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் இறந்தார்கள். ஆளி விதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரித்துக் காயப்போடுங்கள்.

மாஸ்க் கடைசி அரண். முதலாவது என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரியில் தரும் நீல மாஸ்க்கும் இந்த வேலைக்கு ஆகாது. ஓரங்களில் காற்று தாராளமாகப் புகும். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 என்று தரம் குறித்த மாஸ்க் குறைந்தபட்சம், நாள் முழுக்கத் தேய்ப்பவருக்கு எஃப்.எஃப்.பி.3 அல்லது வடிகட்டி மாற்றும் ரப்பர் மாஸ்க் நல்லது. போட்டதும் மூக்குக் கம்பியை அழுத்தி, இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கண் பக்கம் காற்று வீசினால் அது மாஸ்க் இல்லை, அலங்காரம். தாடி இருந்தால், மூன்று நாள் முள்தாடியாக இருந்தாலும், எவ்வளவு விலையுள்ள மாஸ்க்கும் கசியும். தாடியை விட மனமில்லாதவர்களுக்குப் பேட்டரி விசிறி வைத்த, முகத்தை மூடும் தலைக்கவச வகை இருக்கிறது. விலை அதிகம்தான்.

உடுத்திய சட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். கையும் முகமும் கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். தோல் பாதிப்பு உள்ள மரம் என்றால் முழுக்கைச் சட்டை போடுங்கள், ஆனால் சுழலும் மிஷினில் கையுறை வேண்டாம். அது கையையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மருத்துவரிடம் போகும்போது

ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருப்பது, ஒரே பக்கம் அடிக்கடி ரத்தம் கசிவது, வாசனை தெரியாமல் போவது — பல வருஷம் மரவேலை செய்தவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இருமலோ இழுப்போ என்றால் நுரையீரல் மருத்துவர். இருவரிடமும் நீங்களாகவே தொழிலைச் சொல்லுங்கள், அவர்கள் கேட்க மறக்கலாம். "கார்பெண்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தெந்த மரம், எந்தப் பலகை, எந்தப் பசை, எந்த பாலிஷ், எத்தனை வருஷம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆஸ்துமா சந்தேகம் என்றால் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார்கள். வேலை நாளிலும் லீவு நாளிலும் தினம் நாலு வேளை ஊதி, சில வாரங்களுக்கு எண்ணைக் குறித்து வர வேண்டும். அலுப்பான வேலை, நடுவில் விட்டுவிடத் தோன்றும். வேலை நாள்களில் எண் இறங்கி, லீவில் ஏறியிருந்தால், மருத்துவருக்கு அந்த நோட்டு ஒன்றே பாதி விடையைச் சொல்லிவிடும்.